கேரல் சிஸ்டர் எட்டு போட்ட கதை

மைசூர் பன்னிமண்டபத்தில் கேரல் சிஸ்டரின் வீட்டைக் கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "மஞ்சக் காரு நிக்குமே, அந்த வீடு" என்பார்கள். எலுமிச்சம்பழ மஞ்சள், இரண்டே இருக்கை, முன்னால் நீண்ட மூக்கு, தரையைத் தடவிக்கொண்டு போகிற உயரம். அதில் ஏறுவதற்கே ஒரு முறை இருக்கிறது. முதலில் உட்கார வேண்டும், பிறகு கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்க வேண்டும். ஐம்பத்தேழு வயதில், முப்பத்து மூன்று வருடம் வார்டில் நின்று தேய்ந்த முழங்காலோடு, ஒரு பெண்பிள்ளை இப்படியொரு வண்டியை வாங்குவாளா என்று தெருவே மூக்கில் விரலை வைத்தது. வாங்கினாள். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

நமக்குச் சொல்லலாம், தப்பில்லை. கோலார் தங்கவயலில் பிறந்து, நர்ஸ் படிப்பு முடித்து மைசூருக்கு வந்தவள் கேரல். பாதி உத்தியோகம் ஆம்புலன்ஸிலேயே போனது. கொள்ளேகால், ஹனூர், சாமராஜநகர் என்று எங்கிருந்தாவது ஒரு உயிரை ஏற்றிக்கொண்டு மைசூருக்கு ஓடி வர வேண்டும். அவள் உட்காருகிற பலகை பின்பக்கம், முதுகு டிரைவரைப் பார்த்து. ஒரு கையில் சலைன் பாட்டில், ஒரு கை நோயாளியின் நாடியில். வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பின்கண்ணாடியில் விட்டுவந்த சாலைதான். வரப்போகிற சாலையை அவள் பார்த்ததே இல்லை. அந்தப் பலகையில் உட்கார்ந்தபடி ஒரு நாள் அவள் முடிவு செய்தாள்: என்றைக்காவது ஒரு வண்டி வாங்கினால் அதில் பின்சீட்டே இருக்கக்கூடாது.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு டாக்டர் தன் வண்டியை விற்றபோது அவள் அதை வாங்கியது அப்படித்தான். பழைய வண்டி, அதனால் விலை குறைவு. ஆனால் யானை குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் யானைதானே. வாங்கிய நாள் முதல் அதை மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை. மில்லேனியம் சர்க்கிள் பக்கம் ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "மேடம், பெட்ரோல் இல்லியா, தள்ளட்டா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற அவள் கணவர் குழந்தைசாமி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததை அவள் பார்க்காமல் இல்லை.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த விபரீதம் நடந்தது. டூட்டி முடிந்து ரிங் ரோட்டில் தனியாக வந்துகொண்டிருந்தாள். நல்ல தூறல். வளைவில் முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைந்தது. பயத்தில் கேரல் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே பிரேக்கையும் ஓங்கி மிதித்தாள். வேறு கார் என்றால் மன்னித்திருக்கும். இது பின்சக்கரம் தள்ளி ஓடுகிற வண்டி, மன்னிக்கிற ஜாதி இல்லை. வால் பிய்த்துக்கொண்டு முன்னால் வந்தது, வானமும் விளக்குக் கம்பமும் ஒரு சுற்றுச் சுற்றின. நின்றபோது வண்டி வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் ஒரு ஸ்கூட்டர். கணவன், மனைவி, இருவருக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடப் பை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவர்கள் திட்டவும் இல்லை. அந்தப் பெண் நெஞ்சில் கையை வைத்தபடி கேரலைப் பார்த்துக்கொண்டே போனாள்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று கேரலுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள். குழந்தைசாமியும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் காப்பி குடிக்கும்போது, "பெங்களூர்ல ஒருத்தரு இதே மாடல் வண்டியத் தேடறாராம். ஜூலை கடசி ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து பாக்கட்டுமா?" என்றார். கேரல் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

ஆட்டிவிட்டாளே தவிர, மனது ஆறவில்லை. வண்டியை விற்பது அவமானமா என்றால் இல்லை. தன் கையால் இன்னொருவர் உயிர் போகும் என்றால் அன்றைக்கே தள்ளிவிட்டிருப்பாள், அந்த விஷயத்தில் அவளுக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனால் போகுமா போகாதா என்று தெரியவேண்டாமா? இந்தக் கையும் காலும் அந்த வண்டிக்கு லாயக்கா இல்லையா என்பதை அவள் ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட வண்டிகளை ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடங்கள் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் விசாரித்தாள், சென்னைப் பக்கம் விசாரித்தாள். பந்தயத் தடத்தில் இரண்டு நாள் பாடம். அதற்கு ஒரு கட்டணம், ஹெல்மெட்டுக்கும் உடுப்புக்கும் வாடகை, வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போக ஒரு செலவு, தேய்கிற டயருக்கு ஒரு செலவு, தங்க ஒரு அறை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். அதிலும் ஒரு இளைஞர் போனில், ஒரு சுற்றை எத்தனை விநாடியில் முடிப்பது உங்கள் லட்சியம் என்று கேட்டார். "எனக்கு நேரா நிக்கணும் சார், அவ்ளோதான்" என்றாள் கேரல்.

கடைசியில் தார்ப்பாயை நீக்கி, ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு சாதாரண டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் நின்றாள். மேஜைக்குப் பின்னால் சொர்ணலதா என்று ஒரு பெண். பெர்ஃபார்மென்ஸ் டிரைவிங் சொல்லித் தருவீர்களா என்று கேரல் கேட்டதும் அவள் ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அந்த சர்ட்டிஃபிகேட் எல்லாம் நாங்க கொடுக்கறதில்ல மேடம். எல்.எல்.ஆர்., டி.எல்., அஷ்டே, அவ்ளோதான். ஆர்.டி.ஓ.ல யாரும் பெர்ஃபார்மென்ஸ் கேக்கமாட்டாங்க. எட்டு போட்டாப் போதும்."

கேரல் திரும்பி வெளியே வந்தபோது அவள் வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள் குந்தியிருந்தான். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து வயது இருக்கும். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்களில் ஒருவன் என்று சட்டையைப் பார்த்தால் தெரிந்தது. அந்த வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் மூக்கைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள், செல்போனை நீட்டிப் படம் எடுப்பார்கள். இவன் பின் டயரில் உள்ளங்கையை வைத்து, நாய்க்குட்டியைத் தடவுவதுபோல மேலிருந்து கீழே தடவிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி ஸ்டிக்கரைப் பார்த்திருக்க வேண்டும்.

"சிஸ்டர், வண்டி ஒருக்கா சுத்திருச்சுங்களா?" என்றான்.

கேரலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா உங்களுக்கு?"

"டயர் சொல்லுதுங்க. ஓரத்துல, தோள்பட்டையில, குறுக்காத் தேஞ்சிருக்குது பாருங்க. நேரா ஓடுனா இப்பிடித் தேயாதுங். ஈர ரோட்டுல, வளைவுல, பிரேக்கு புடிச்சிருக்கறீங்க."

அவன் பெயர் ஜடையன். ஹனூர்ப் பக்கம் கௌதள்ளிக்காரன். ஒரு டயர் கம்பெனியில் பதினான்கு வருடம் ஒப்பந்தத்தில் சோதனை ஓட்டுநராக இருந்தவன். புதிய டயரை மாட்டிக் கொடுப்பார்கள், ஈரத்தில் சறுக்கி, வளைவில் இழுத்து, பிரேக் பிடித்து, அந்த டயர் எப்படி என்று பத்துக்கு இத்தனை என மார்க் போடவேண்டும். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவனுக்கு இந்த எல் போர்டு மாருதி கிடைத்தது. பந்தயப் பள்ளிக்கூடங்கள் லட்சத்தில் விற்கிற வித்தை தன் காலில் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, அவன் முதலாளிக்கும் தெரியாது. கேரல் வந்த விஷயத்தைச் சொல்லி என்ன வாங்குவீர்கள் என்று கேட்டபோது, "எல்லாருகிட்டயும் ஒரு கிளாசுக்கு என்ன வாங்கறமோ அதேதானுங்க. உங்க வண்டி வேற, ரோடு ஒண்ணுதானுங்களே" என்றான்.

ரோடு ஒன்று இல்லை என்பது அவனுக்கே தெரியும். அதனால் வகுப்புக்கு வேறு இடம் பிடித்தான். ரிங் ரோட்டுக்கு வெளியே மைசூரைச் சுற்றி லேஅவுட் போட்டுத் தள்ளியிருக்கிறார்களே, வளைவு வைத்து, பேர் எழுதி, அகலமாகத் தார் ரோடு போட்டு, வீடு மட்டும் ஒன்றுகூட இல்லாமல், அப்படி ஒரு லேஅவுட். சைட்டுக்கு நாலு மூலைக்கல், நடுவில் புல், புல்லில் காவல்காரி பசம்மாவின் ஆடுகள். லேஅவுட்காரரிடம் அனுமதி வாங்கி, கேட்டை மூடிக்கொண்டு ஓட்டினார்கள். பந்தயத் தடத்தில் ஆரஞ்சு நிறக் கூம்பு வைப்பார்களாம். ஜடையன் இளநீர்க் கடையிலிருந்து வெறும் மட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்து வரிசையாக வைத்தான். இடித்தாலும் பெயின்ட் போகாது, போகும்போது பசம்மாவுக்கு விறகாகவும் ஆகும்.

முதல் சனிக்கிழமை முழுவதும் அவன் அவளை ஓட்டவே விடவில்லை என்று சொல்லலாம். இருக்கையை முன்னே தள்ளு, முதுகைச் சாய்த்து வை, எங்கே போகவேண்டுமோ அங்கே பார், எதில் இடிப்போமோ என்று பயப்படுகிறாயோ அதைப் பார்க்காதே. இதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். ஓட்ட விட்டதும், டயர் சத்தத்தைக் கேட்கச் சொன்னான். "அழுவறதுக்கு முன்னாடி முனகும் சிஸ்டர். முனகறப்பவே கேட்டுக்கோணும்." அது கேரலுக்கு உடனே புரிந்துவிட்டது. நோயாளியும் அப்படித்தான்.

ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் மார்க் போட்டான், பழக்கதோஷம். முதல் நாள் ஐந்தில் ஆரம்பித்து ஐந்தரையில் நின்றது. பத்துக்குப் பத்து யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டாள். "பத்து போடக்கூடாதுங்க. போட்டுட்டா அடுத்து வர்ற டயருக்கு எடமிருக்காது" என்றான். வீட்டில் குழந்தைசாமி வாத்தியார் புத்தி போகாமல், "டியூஷன்ல எவ்வளவு?" என்று விசாரித்தார். இரண்டாம் சனிக்கிழமை ஆறே கால் என்றதும், "பர்ஸ்ட் கிளாஸ்தான்" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மூன்றாம் சனிக்கிழமைதான் சனி பிடித்தது. ஈர ரோட்டுப் பாடம். பசம்மா மோட்டார் போட்டு, ஓஸ் குழாயால் வளைவு முழுவதையும் நனைத்துவிட்டாள். நேரான ரோட்டில் வேகமாக வந்து, வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்து, அப்புறம் திரும்பவேண்டும். நாலு தடவை நன்றாகவே செய்தாள். ஐந்தாம் தடவை அறுபதில் வரும்போது பசம்மாவின் ஆடு ஒன்று தூரத்தில் ரோட்டுக்குள் இறங்கிற்று. இடம் தாராளமாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஜடையன் கத்தினான்.

"ஒத்து, ஒத்து, சிஸ்டர், ஒத்து!"

கேரல் ஸ்டியரிங்கை வெடுக்கென்று இடது பக்கம் வெட்டினாள். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, புல்லில் வழுக்கி, பதினேழாம் நம்பர் சைட்டின் மூலைக்கல்லில் போய் முட்டியது. முன் பம்பர் வாய் பிளந்துகொண்டது. ஆடு நின்ற இடத்திலேயே நின்று அசைபோட்டது.

இருவருக்கும் அடியில்லை. ஆனால் ஜடையனின் முகம் வெளுத்துவிட்டது. "ஒத்துன்னு சொன்னனே சிஸ்டர்."

"ஒத்தினேனே தம்பி."

"எங்கீங்க ஒத்துனீங்க? ஒத்தவே இல்லியே."

"நல்லா பாத்துப் பேசுங்க. நீங்க சொன்ன ஒடனே ஒத்தினேன். ஒத்தினதுனாலதான கல்லுல வந்து நிக்குது வண்டி."

ஜடையன் வண்டியிலிருந்து இறங்கினான். ஒத்தியும் வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக்கில் கோளாறு. மத்தியானம் வரை வண்டிக்கு அடியில் படுத்து பிரேக்கைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தான். ஒரு கோளாறும் இல்லை. கேரல் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்கு அவளுக்கு அவன் போன் செய்தான். குரல் தணிந்திருந்தது.

"பிரேக்குல பழுதில்லீங்க சிஸ்டர். தப்பா எடுத்துக்காதீங்க. சில பேருக்கு அந்த நேரத்துல காலு உறஞ்சு போயிரும். ஒத்துனமாதிரியே தோணும், ஆனா ஒத்தியிருக்கமாட்டாங்க. எங்க கம்பெனியிலயும் அப்பிடி ரெண்டு பேர வேண்டாம்னு அனுப்புனாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றனுங்க, வித்துருங்க."

கேரல் அவனிடம் கோபப்படவில்லை. சரிப்பா, நன்றி என்று சொல்லிப் போனை வைத்தாள். தன்னை நம்பிய ஒரே ஆளும் கைவிட்டான். தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். சாயங்காலம் போய் வண்டியை எடுத்துவந்து, பிளந்த பம்பருக்கு ஆஸ்பத்திரியில் ஒட்டுகிற அகலப் பிளாஸ்திரியை இழுத்து ஒட்டி, தார்ப்பாயைப் போட்டாள். குழந்தைசாமி வந்து பார்த்தார். மார்க் எவ்வளவு என்று அன்று கேட்கவில்லை.

புதன்கிழமை குழந்தைசாமிக்கு மூட்டுவலி. மழைக்காலத்தில் அவருக்கு இது வழக்கம்தான். கேரல் வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து முழங்காலில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மனது எங்கேயோ இருந்தது, கை மட்டும் வேலை செய்தது.

"சித்தெ அழுத்தி ஒத்து, கேரல்" என்றார் அவர். "பட்டும் படாம ஒத்துனா சூடு எப்படி உள்ள எறங்கும்?"

கேரலின் கை அப்படியே நின்றது.

ஒத்து. தங்கவயலில் அவள் பிறந்த லைன் வீடுகளில் ஒத்து என்றால் விலகு, ஓரமாகப் போ. தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு வருகிறவள் "ஒத்து, ஒத்து" என்றால் வழி விட்டு நகர வேண்டும். பிறந்ததிலிருந்து காது அப்படிப் பழகிய காது. ஆனால் இதோ முழங்காலில் ஒத்து என்றால் அழுத்து. கன்னடத்திலோ கேட்கவே வேண்டாம், ஒத்து என்றால் அழுத்து மட்டும்தான். வார்டில் நாளைக்கு நாற்பது தடவை நோயாளிகளிடம் "பெல் ஒத்தி" என்று கன்னடத்தில் சொல்கிறவள் அவளேதான். அன்றைக்கு ஜடையன் காலையிலிருந்து அவளோடு தமிழில் பேசிக்கொண்டு வந்ததால் காதும் தமிழில் உட்கார்ந்திருந்தது, அதுவும் தங்கவயல் தமிழில்.

ஈரத்துணியைக் கணவரின் முழங்காலிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்ப் போனை எடுத்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு ஒத்து ஒத்துன்னீங்களே, அது தமிழா கன்னடமா?"

அந்தச் சொல்லை அவன் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது போனில் கேட்டது. யோசிக்கிறான் என்று தெரிந்தது.

"கன்னடங்க சிஸ்டர்" என்றான் கடைசியில். "பிரேக்க ஒத்துன்னு சொன்னனுங்க. ஏனுங், தமிழ்ல ஒத்துன்னா என்னங்?"

"எங்க ஊர்ல ஓரம் போன்னு அர்த்தம்பா."

"அட கடவுளே" என்றான் ஜடையன். "எங்கூர்ல ரெண்டு பாசைக்கும் நடுவுல வேலி இல்லீங்க சிஸ்டர். எது எந்தப் பக்கத்துதுன்னு எனக்கே தெரியாதுங்." பிறகு அவனே மெதுவாகச் சொன்னான்: "அப்ப உங்க காலு உறையலீங்க. நான் சொன்னத அப்பிடியே செஞ்சிருக்கறீங்க. சொல்லி அரை விநாடிகூட ஆகலீங்க, கை திரும்பிருச்சு. அவ்வளவு வெரசா சொன்ன பேச்சு கேக்கற கைய நான் பாத்ததில்லீங்."

கேரல் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை. முழங்காலில் துணி ஆறிக்கொண்டிருக்கிறது என்று உள்ளே இருந்து குழந்தைசாமி நினைவூட்டினார்.

நாலாம் சனிக்கிழமை லேஅவுட்டில் ஜடையன் முதலில் செய்த காரியம் மன்னிப்புக் கேட்டதுதான். இனிமேல் பிரேக் என்றே இங்கிலீஷில் சொல்லிவிடுகிறேன் என்றான். கேரல் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒத்துன்னே சொல்லுங்க. எனக்கு இப்ப அது ஒத்தடம். எப்படிக் குடுப்போம்? சூட்டுத் துணிய பொத்துனு போடமாட்டோம். மெதுவா வெச்சு, நல்லா அழுத்தி, சூடு எறங்கற வரைக்கும் புடிச்சிருந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கைய எடுப்போம். வெடுக்குனு எடுத்தா நோயாளி துள்ளிடுவான். வண்டியும் அதேதான?"

ஜடையன் அவளையே பார்த்தான். "பதினாலு வருசமா புதுசா வர்ற டிரைவருங்களுக்கு இதச் சொல்லத் தெரியாம முழிச்சிருக்கறனுங்க" என்றான். பசம்மாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் பாய்ச்சச் சொன்னான்.

அன்று பதினோரு சுற்று. "ஒத்து" என்று சொன்ன இடத்தில் ஒத்தினாள், நேராக. கையை எடுப்பதுபோலக் காலை எடுத்தாள், பிறகு திருப்பினாள். வண்டியின் வால் தன் இடத்திலேயே இருந்தது. டயர் இரண்டு தடவை முனகியது, இரண்டு தடவையும் அவளுக்குக் கேட்டது. கடைசிச் சுற்றில் அவன் ஒன்றும் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவளாகவே எல்லாம் செய்தாள்.

"எவ்வளவு தம்பி?"

"எட்டுங்க சிஸ்டர்."

"எட்டு போட்டாச்சுன்னு சொர்ணலதாகிட்ட சொல்லிடுங்க" என்றாள் கேரல்.

மறுநாள் ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குப் பெங்களூர்க்காரர் வருவதாக ஏற்பாடு. காலையில் சர்ச்சில் பூசை முடிந்து மட்டன் வாங்கிக்கொண்டு, கேரல் நேரே வீட்டுக்குப் போகாமல் வண்டியை ரிங் ரோட்டுக்குத் திருப்பினாள். மட்டன் பொட்டலம் குழந்தைசாமியின் மடியில். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுபதில் போனாள். ஏன் இந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.

அந்த வளைவு வந்தது. வளைவுக்குச் சற்று முன்னால் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு ஸ்கூட்டர், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல், கடவுளே கதி என்று குறுக்கே ஏறியது. கேரலின் வாய் ஒரு சொல்லை முணுமுணுத்தது, கால் அழுத்தியது. வண்டி பிடித்து வைத்ததுபோல நேராகவே வேகம் குறைந்தது. ஸ்கூட்டர் கடந்து போனது. அவள் மெதுவாகக் காலை எடுத்து, திருப்பி, வளைவை முடித்தாள். ஸ்கூட்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கும்படியாக ஒன்றும் நடக்கவில்லையே. மட்டன் பொட்டலம் மடியில் இருந்தபடியே இருந்தது.

வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஜூன் மாசம் இதே எடத்துல வண்டி சுத்திடுச்சு. ஒரு குடும்பமே முன்னாடி நின்னுச்சு. ஒரு முழம். நான் உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

"தெரியும்" என்றார் குழந்தைசாமி.

"யாரு சொன்னா? ஜடையனா?"

"நீதான் சொன்ன. அன்னைக்கு வந்ததும் பின்கட்டுக் கொழாயில மொழங்கை வரைக்கும் மூணு தரம் சோப்புப் போட்டுக் கழுவுன. வார்டுல யாராவது தவறிப்போனாத்தான் நீ அப்படிக் கழுவுவ. முப்பது வருசமாப் பாக்கறேன். மறுநாள் உங்க வார்டு ஜேன் சிஸ்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். யாரும் தவறலைன்னாங்க. அப்ப வண்டியிலதான் என்னமோன்னு புரிஞ்சுது."

கண்ணாடியில் வைப்பர் போய்ப் போய் வந்தது.

"நீயா விக்கணும்னு சொல்லமாட்ட. வாய் வராது உனக்கு" என்றார் அவர். "அதான் நானே ஆளப் புடிச்சேன். உனக்குப் பயம் இருந்தா, நான் வித்துட்டேன்னு எம்மேல பழியப் போட்டுட்டு நீ நிம்மதியா இருக்கலாம்ல."

வண்டி பிடிக்காததால்தான் கணவர் விற்க ஆள் பார்க்கிறார் என்று ஒரு மாதமாக அவர்மேல் உள்ளுக்குள் வைத்திருந்த கோபத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவர் மடியிலிருந்த பொட்டலத்தின்மேல், அவர் கைமேல், தன் கையை வைத்தாள். பிறகு வண்டியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேரல் பின்கட்டுக்குப் போனாள். குழந்தைசாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றார். அவள் குழாயைத் திறந்து, சாப்பாட்டுக்கு உட்காருகிறவள்போல விரல் நுனிகளை மட்டும் நனைத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் எங்க வெச்சீங்க?" என்று கேட்டபடி அடுப்படிக்குப் போனாள்.

குழந்தைசாமி அங்கேயே நின்று பெங்களூருக்குப் போன் போட்டார்.

"கெளம்பிட வேண்டாம் சார்" என்றார். "வண்டி கொடுக்கறதில்ல. வீட்டுல ஓட்டறவங்க இருக்காங்க."